அரசறிவியல் பட்டத்துக்குப் பிறகு எந்த வேலை யாருக்கு ஒத்துவரும்?

என் அக்கா மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே, “மாமா, இதைப் படிச்சிட்டு என்னதான் ஆகலாம்?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: “கலெக்டர்.” அத்தான் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், “இல்லைன்னா வக்கீல்” என்றார். எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தப் படிப்புக்கு இருக்கும் விடைகள் இந்த இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை விருந்தாளி போன பிறகுதான் சொல்வார்கள்: “பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான்.”

அந்த மூன்றாவது விடையாக நான் நான்கு வருஷம் இருந்திருக்கிறேன். கலெக்டர் ஆவதற்கான யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் இரண்டாம் கட்டமான மெயினை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தோற்றேன். அப்புறம் தேர்தல் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருஷம். இப்போது அரசு ஆவணங்களைப் படித்துக் குறிப்பு எழுதும் சின்ன ஆய்வுக் குழு ஒன்றில் இருக்கிறேன். ஆகவே கீழே ஒப்பிடும் வழிகளில் மூன்றில் நானே நடந்திருக்கிறேன், மற்றவற்றை நண்பர்கள் வழியாகப் பார்த்தவன். நடுநிலையாக எழுதுகிறேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடலாம். அரசியல் பேசப் பிடிக்கும் என்பது வேறு, அரசறிவியல் பிடிக்கும் என்பது வேறு. டீக்கடை பெஞ்சில் அடுத்த தேர்தலில் யார் வருவார்கள் என்று ஒரு மணி நேரம் பேசுகிறவருக்கு, போன தேர்தலில் தன் தெரு வாக்குச்சாவடியில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றாமல் இருக்கலாம். அது குற்றம் இல்லை. ஆனால் அந்த ஆர்வத்தை நம்பி இந்தத் துறையில் வேலைக்கு வந்தால் ஆறே மாதத்தில் சலித்துவிடும். ஏனென்றால் இங்கே எந்த வேலையை எடுத்தாலும் பாதி நேரம் சுவாரசியமே இல்லாத காகிதத்தோடுதான் போகும். எந்தச் சுவாரசியமற்ற காகிதத்தை உங்களால் சகிக்க முடியும் என்பதுதான் தேர்ந்தெடுக்க வேண்டியது.

அதனால் அவளிடம் அறிவுரை சொல்லாமல் நான்கு காகிதங்களையும் ஒரு கூட்டத்தையும் கொடுத்தேன். ஒன்று, யூபிஎஸ்சி மெயின் பொது அறிவு இரண்டாம் தாளின் பழைய வினாத்தாள். இரண்டு, 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்து அம்பேத்கர் பேசிய பேச்சு. மூன்று, 2021 சட்டமன்றத் தேர்தலில் அவள் தொகுதியின் படிவம் 20, அதாவது சாவடி வாரியான வாக்குக் கணக்கு. நான்கு, பள்ளிக் கல்வித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. கூட்டம், நவம்பர் 1-ஆம் தேதி அவள் ஊரில் நடக்கும் கிராம சபை. பொங்கலுக்கு வரும்போது எதை முடித்தாய், எதைத் திறக்கவே இல்லை என்று மட்டும் சொல் என்றேன்.

அக்காவின் விடை

குடிமைப் பணித் தேர்விலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வு அறைக்கு வந்தவர்கள் 5,83,213. மெயின் எழுதத் தகுதி பெற்றவர்கள் 14,627. நேர்முகத்துக்குப் போனவர்கள் 2,845. கடைசிப் பட்டியலில் 1,009 பேர். எழுதியவர்களில் சுமார் 580 பேருக்கு ஒருவர். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. எத்தனை வருஷம் கொடுக்கப்போகிறோம் என்று முன்னாலேயே தேதி குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் குறிக்கவில்லை.

அரசறிவியல் பட்டம் இதற்கு உதவுமா? உதவும், ஆனால் வீட்டில் நினைக்கிற அளவுக்கு இல்லை. மெயினும் நேர்முகமும் சேர்த்து 2,025 மதிப்பெண். அரசறிவியலும் பன்னாட்டு உறவுகளும் விருப்பப்பாடமாக எடுத்தால் 500. பொது அறிவு இரண்டாம் தாள் அரசியலமைப்பு, ஆட்சிமுறை, வெளியுறவு எல்லாம் சேர்ந்தது, அது 250. மீதி 1,275-இல் நீங்களும் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வருகிறவரும் ஒன்றுதான். முதல்நிலையில் இன்னும் மோசம். கணக்கும் தர்க்கமும் கேட்கும் சிசாட் தாளில் 33 சதவீதம் எடுத்தால் போதும் என்பார்கள், கலைப்பிரிவு மாணவர்கள் பலர் வழுக்கி விழுவது அந்த ‘போதும்’ என்ற இடத்தில்தான். பத்தாம் வகுப்போடு கணக்கைக் கை கழுவியவர்கள் முதல் நாளே அதை மறுபடி எடுக்க வேண்டும்.

இந்தத் தேர்வு என்ன குணத்தைக் கேட்கிறது என்பதை வினாத்தாளே சொல்லிவிடும். மூன்று மணி நேரம், 20 கேள்வி. 10 மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், 15 மதிப்பெண்ணுக்கு 250 சொல். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்பது நிமிஷம். நான் முதல் முறை மெயின் எழுதியபோது மத்திய-மாநில உறவு பற்றி ஒரு கேள்வி வந்தது. எனக்குப் பிடித்த பகுதி. மாநில அரசைக் கலைப்பது பற்றிய எஸ்.ஆர். பொம்மை வழக்கிலிருந்து ஆரம்பித்து மனசார எழுதிக்கொண்டே போனேன். தலை நிமிர்ந்தபோது கடைசி நான்கு கேள்விகளுக்கு மொத்தமாகப் பத்து நிமிஷம் இருந்தது. இந்தத் தேர்வுக்குத் தேவை பரந்த வாசிப்பு, வேகம், எதிலும் மூழ்கிவிடாத கட்டுப்பாடு. ஒரு விஷயத்தைப் பிடித்தால் அடி வரை போய்ப் பார்த்துத்தான் விடுவேன் என்கிற குணம் மற்ற எல்லா இடத்திலும் சொத்து, இங்கே மட்டும் கடன்.

தமிழில் மெயின் எழுதலாம். ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பன்னாட்டு உறவுகளுக்குத் தமிழில் தரமான நூல்கள் மிகக் குறைவு, ஆகவே ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதும் இரட்டை வேலை இருக்கும். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். செலவைப் பொறுத்தவரை இப்போது நிலைமை என் காலத்தை விடப் பரவாயில்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்து 1,000 பேருக்குப் பத்து மாதம், மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். நான் பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையம் ஒன்றில் கொடுத்த குறிப்பில் 73-ஆம் திருத்தமும் 74-ஆம் திருத்தமும் இடம் மாறி அச்சாகியிருந்தன. பஞ்சாயத்து எது, நகராட்சி எது என்று தெரியாமலே ஒரு பேட்ச் முழுவதும் போயிருக்கும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் இடம் பிடித்தாலே பாதிச் செலவு மிச்சம்.

அக்காவிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. கலெக்டர் தவிரவும் அரசு வேலை இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி குரூப் 1 அறிவிப்பில் 2024-இல் 90 இடங்கள்தான். அதே வருஷம் குரூப் 2, 2ஏ இரண்டும் சேர்த்து 2,327 இடங்கள். துணை ஆட்சியர், டிஎஸ்பி என்ற பெயர்களுக்கு இருக்கும் மவுசு குரூப் 2 பதவிகளுக்கு இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால் என் ஓட்டு குரூப் 2-க்குத்தான். உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு மேலே எழுதலாம், வயசும் இடம் கொடுக்கும்.

மூழ்குகிறவர்களுக்கு

ஆராய்ச்சியும் பேராசிரியர் வேலையும் மேலே சொன்னதற்கு நேர் எதிர். அங்கே 150 சொல்லில் நிறுத்தத் தெரிய வேண்டும், இங்கே நிறுத்தத் தெரியாதவர்தான் தேவை. எம்.ஏ. முடித்ததும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வு. ஜூனிலும் டிசம்பரிலும் என்று வருஷத்துக்கு இரண்டு முறை, மூன்று மணி நேரத்தில் 150 கேள்வி, 300 மதிப்பெண், தப்பான விடைக்குக் கழிவு இல்லை. பாடத்திட்டத்தில் பத்துப் பிரிவு. இந்திய அரசியல் சிந்தனைப் பிரிவில் கௌடில்யர், காந்தி, அம்பேத்கர் வரிசையில் பெரியாரும் இருக்கிறார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இடத்திலாவது வீட்டுக் கூடத்தில் கேட்ட பேச்சு கைகொடுக்கும்.

நெட் தேறினால் உதவிப் பேராசிரியர் தகுதி. அதிலேயே மேல் இடங்களில் வந்தால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. இந்த ஜேஆர்எஃப்தான் இந்த வழியின் கதவு என்பேன். அது கிடைத்தவருக்குப் பிஎச்.டி. ஒரு வேலை. கிடைக்காதவருக்கு, மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் மாதம் 8,000 ரூபாயில் ஒரு தவம். ஜேஎன்யு, ஹைதராபாத், புதுச்சேரி என்று வெளியே போனால் சக மாணவர்களிடமிருந்தே பாதிப் படிப்பு வந்துவிடும். இங்கேயே இருப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல், பொது நிர்வாகத் துறை இருக்கிறது. அடையாற்றில் 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய எம்ஐடிஎஸ் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. திராவிட இயக்கத்தின் பழைய இதழ்களைப் பார்க்காமல் தமிழக அரசியல் பற்றி ஆய்வு எழுத முடியாது, அதற்கு அங்கேதான் போயாக வேண்டும்.

என் கூட எம்.ஏ. படித்த நண்பன் ஒருவன் டெல்டா மாவட்ட ஊராட்சிகளின் தீர்மானப் பதிவேடுகளை வைத்துப் பிஎச்.டி. செய்தான். ஆறு வருஷம். பாதி நாள் ஊராட்சி அலுவலகத் திண்ணையில் செயலருக்காகக் காத்திருந்ததிலேயே போனது. பதிவேடு கைக்கு வந்ததும் கறையான் அரித்த ஓரங்களில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று ஊகிக்கக் கூடாது, ‘படிக்க இயலவில்லை’ என்று குறிக்க வேண்டும். அப்படி எழுதிய ஓர் அத்தியாயத்தை அவனுடைய வழிகாட்டி மூன்று முறை திருப்பிக் கொடுத்தார். நாலாவது முறையும் அவன் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அதைப் பார்த்த அன்றைக்கே இந்த வழி எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது.

இதில் மறைக்கக் கூடாத பக்கம், முடித்தபின் காத்திருப்பது. அரசுக் கலைக் கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் அந்த நாற்காலி வருஷா வருஷம் காலியாவதில்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு கொடுத்தது, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதுவரை கௌரவ விரிவுரையாளர் வேலை. மாதம் 25,000, அதுவும் வருஷத்தில் 11 மாதத்துக்கு. பிஎச்.டி. முடித்து, முப்பத்தைந்து வயதில், மே மாதச் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்துகிறவர்களை எனக்குத் தெரியும். படிப்பு பிடித்திருக்கிறது என்பது மட்டும் போதாது. ஜேஆர்எஃப் இல்லாமல், வீட்டில் வேறு வருமானம் இல்லாமல் இந்தப் பக்கம் வராதே என்று அவளிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

படிவம் 20

தேர்தல் ஆலோசனை நிறுவனங்களைப் பற்றி இப்போது கல்லூரிகளில் பெரிய கனவு ஓடுகிறது. 2021-இல் திமுகவுக்கு ஐபேக் வேலை செய்ததிலிருந்து இந்தத் தொழில் இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. போர் அறை, பெரிய திரை, தலைவரோடு தனிப் பேச்சு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த வேலையின் நிஜமான மேசையைக் காட்டத்தான் அவளிடம் படிவம் 20-ஐக் கொடுத்தேன்.

வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் அதிகாரி தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. ஒரு தொகுதியில் எத்தனை சாவடியோ அத்தனை வரிசை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பத்தி, கடைசியில் நோட்டா, மொத்தம். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப், கொஞ்சம் சாய்ந்த பக்கம், மங்கிய எண்கள். 3-ஆ 8-ஆ என்று கண்ணை இடுக்கிப் பார்த்து எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கும். தாளில் சாவடி எண் மட்டும்தான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. அதற்கு வாக்குச்சாவடிப் பட்டியல் தனியாக எடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்துவிட்டால் நகலெடுத்து ஒட்டும்போது ஊர்ப் பெயரெல்லாம் ஜிலேபி ஜிலேபியாக வந்து விழும்.

அதற்கும் மேல் ஒன்று. 2016-இன் 47-ஆம் சாவடியும் 2021-இன் 47-ஆம் சாவடியும் ஒன்றல்ல. கொரோனா காரணமாக 2021-இல் ஒரு சாவடிக்கு ஆயிரம் வாக்காளருக்கு மேல் கூடாது என்று பிரித்தார்கள். அதனால் 47-க்குப் பக்கத்தில் 47ஏ முளைத்தது. இரண்டையும் சேர்க்காமல் ஒப்பிட்டால், “இந்த ஊரில் நம் ஓட்டு பாதியாகக் குறைந்துவிட்டது” என்று அறிக்கை போகும். எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை போனது. அந்த ஊர்க் கிளைச் செயலாளரை மாவட்டத்தில் கூப்பிட்டு வறுத்தெடுத்த பிறகுதான் எங்களுக்குத் தப்புப் புரிந்தது. தப்பைக் கண்டுபிடித்தவள் அரசறிவியல் படித்தவள் இல்லை, புள்ளியியல் படித்த பெண். ஆனால் அந்தக் கிளைச் செயலாளர் போனில் ஏன் அவ்வளவு உடைந்து பேசினார், உள்ளூரில் அவருக்கு எதிர்க்கோஷ்டி யார் என்பதை அவளுக்கு எடுத்துச் சொன்னவன் நான். இந்த வேலைக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர்கள் சீக்கிரம் தேங்கிவிடுவார்கள்.

ஆக இதற்கான திறமைகள்: எக்செல் கைப்பழக்கம், அடிப்படைப் புள்ளியியல், முடிந்தால் ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழி. அதைவிட முக்கியமானது தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கேட்க வந்த கேள்வியைக் கடைசியாகக் கேட்கும் பக்குவம். மக்கள் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று வாய் திறந்து சொல்வதில்லை. ரேஷன், தண்ணீர், பையன் வேலை என்று சுற்றி வந்தால் தானாகப் புரியும். டெல்லியில் 1963-இல் ரஜனி கோத்தாரி தொடங்கிய சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு நிறுவனம், அதன் லோக்நீதி பிரிவு ஆகியவை இதையே ஆய்வாகச் செய்கின்றன. தேர்தலுக்குப் பின் கணக்கெடுப்பில் களப்பணியாளராகப் போக வாய்ப்பு வந்தால் மாணவர்கள் விடவே கூடாது. கட்சிக்காக இல்லாமல் அறிவதற்காக ஒரு கேள்வித்தாளைப் பிடித்து நடப்பது தனி அனுபவம்.

பட்டம் முடித்ததும் கைக்குக் காசு வருவது என் பட்டியலில் இங்கேதான். அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தேர்தல் முடிந்த மறுநாள் இந்த வேலை ஆவியாகிவிடும். நான் இருந்த நிறுவனம் முடிவு வந்த வாரமே பாதிப் பேரை அனுப்பியது, எனக்குக் கடைசி மாதச் சம்பளம் இன்னும் பாக்கி. இன்னொரு சங்கடமும் உண்டு. நீங்கள் நம்பாத கட்சிக்காக உழைக்க நேரும். முதல் மாதம் தூக்கம் வராது, ஆறாவது மாதம் நன்றாக வரும். அந்த ஆறாவது மாதம்தான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு வருஷம் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் நல்ல பள்ளிக்கூடம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம்.

அத்தானின் விடை

சட்டத்தைப் பற்றி அத்தான் சொன்னது நான் நினைத்ததைவிடச் சரி. பட்டத்துக்கு மேல் மூன்று வருஷ எல்எல்.பி., அரசு சட்டக் கல்லூரி என்றால் கட்டணமும் நடுத்தரக் குடும்பத்தை முறிக்காது. அரசியலமைப்பை மூன்று வருஷம் படித்துவிட்டு வருகிறவருக்கு அரசியலமைப்புச் சட்டத் தாள்கள் பழகிய தெருவில் நடப்பது போல இருக்கும். மற்றபடி வருவது சொத்துரிமை, ஒப்பந்தம், குற்றவியல் நடைமுறை. “கூட்டாட்சித் தத்துவம் எனக்கு உயிர்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் முதல் வருஷம் பார்க்கப்போவது காசோலை வழக்கும் வாய்தாவும்தான்.

பார் கவுன்சில் பதிவுக் கட்டணமாகச் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்று அதே வருஷம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் தருகிறார்களா என்று கோர்ட் வளாக டீக்கடையில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். நேராக நீதிபதித் தேர்வு எழுதலாம் என்ற கணக்கும் மாறிவிட்டது. 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருஷ வழக்கறிஞர் அனுபவம் வேண்டும். ஆக, மூன்றும் மூன்றும் ஆறு வருஷம் என்று எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும்.

கேட்கும் குணம் என்ன? கோபம். சும்மா கத்துகிற கோபம் இல்லை. அநியாயம் என்று பட்டதும், எந்தப் பிரிவு, எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று தேடத் தொடங்குகிற கோபம்.

வெளியே தெரியாத மேசை

நான் இப்போது இருக்கும் வேலைக்கு வீட்டில் இன்னும் பெயர் வைக்கவில்லை. அக்கா கேட்பவர்களிடம் “ஏதோ ரிப்போர்ட் எழுதுறான்” என்பாள். அவள் சொல்வது சரிதான். ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்தில் துறைகளுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது துறை வாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். அரசு என்ன செய்தது, எவ்வளவு செலவிட்டது, அடுத்து என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். தமிழிலேயே இருக்கும், இணையத்தில் இலவசம். ஆனால் மானியக் கோரிக்கை எண் 43, பள்ளிக் கல்வி என்று அட்டையைப் பார்த்ததுமே படிக்கிற ஆசை போய்விடும். போன வருஷக் குறிப்பில் இருந்த ஒரு திட்டம் இந்த வருஷக் குறிப்பில் ஓசையில்லாமல் காணாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்க்க வேண்டும். அப்புறம் அரசாணை, தணிக்கை அறிக்கை. இத்தனையையும் இரண்டே பக்கத்தில், ஒரு சட்டமன்ற உறுப்பினர் காரில் போகும்போது படித்துவிடும்படி எழுத வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம்.

உள்ளே வர நல்ல வாசல் லாம்ப் ஃபெல்லோஷிப். நாடாளுமன்ற, சட்டமன்ற வேலைகளை ஆராயும் பிஆர்எஸ் நிறுவனம் நடத்துவது. 25 வயதுக்குள் பட்டம் முடித்தவர்களை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரோடு மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும் வரை வேலை செய்ய விடுகிறார்கள். எந்தப் பட்டமும் போதும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இரண்டு வருஷம், அரசுத் துறைக்குள்ளேயே வேலை. அதில் ஒரு முடிச்சு இருக்கிறது: என்ஜினீயரிங், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு இளநிலை முதல் வகுப்பு போதும், கலை அறிவியல் படித்தவருக்கு முதுநிலையில் முதல் வகுப்பு வேண்டும். ஆட்சிமுறையைப் பற்றியே படித்த பி.ஏ. அரசறிவியல் மாணவிக்கு வாசல் மூடியிருக்கும், பி.இ. மெக்கானிக்கலுக்குத் திறந்திருக்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் விதி அதுதான் என்பதால் எம்.ஏ.-வை முதல் வகுப்பில் முடித்துவிட்டுப் போக வேண்டும்.

பத்திரிகை வேலையைப் பற்றியும் கேட்டாள். இரவு பதினொரு மணிக்கு வரும் போனை எடுக்கப் பிடிக்குமா என்று திருப்பிக் கேட்டேன். பிடிக்காது என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

பொங்கலுக்கு

ஒப்பீடு என்று வந்தால் வழக்கமாகச் சம்பளத்தை வைத்து ஒரு கட்டம் போடுவார்கள். நான் அவளுக்காகப் போட்டது வேறு கட்டம்: முதல் சம்பளம் வர எத்தனை மாதம், அதுவரை சோறு போடுவது யார், தோற்றால் கையில் என்ன மிஞ்சும். தேர்தல் வேலைக்கு முதல் விடை ஒரு மாதம், சட்டத்துக்கு மூன்று வருஷத்துக்கு மேல், பிஎச்.டி.க்கு ஜேஆர்எஃப் வந்தால் மூன்று வருஷம், வராவிட்டால் சொல்ல முடியாது. யூபிஎஸ்சிக்கு விடையே இல்லை. ஆனால் கடைசிக் கேள்வியில் தலைகீழ். எல்எல்.பி.யில் தோல்வி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பட்டம் கையில் இருக்கும். யூபிஎஸ்சியில் நாலு வருஷம் போனால் மிஞ்சுவது நிறையப் பொது அறிவும், பயோடேட்டாவில் ஒரு பள்ளமும். அந்தப் பள்ளத்தை எப்படி நிரப்பினீர்கள் என்று நேர்காணலில் கேட்கிறார்கள். நான் இன்னும் நல்ல பதில் கண்டுபிடிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்தாள். வினாத்தாளில் மூன்று மணி நேரத்தில் 11 கேள்விதான் முடிந்ததாம், அதில் பெரிய கவலை எதுவும் தெரியவில்லை. பள்ளிக் கல்விக் குறிப்பு மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பி வந்தது. என் மேசைக்கு வாரிசு இல்லை, சரி. படிவம் 20-இல் தன் ஊர்ச் சாவடியை மட்டும் தேடி எடுத்து, நோட்டா எத்தனை என்று பார்த்துவிட்டு மூடிவிட்டாள். அம்பேத்கர் பேச்சை முழுசாகப் படித்திருந்தாள். கிராமத்தைப் பற்றி அவர் கடுமையாகச் சொன்ன இடத்தில் பென்சிலால் பக்க ஓரத்தில் ‘எங்க ஊர்’ என்று எழுதியிருந்தாள்.

அப்புறம் கிராம சபை. தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி. மரத்தடியில் நாற்காலி போட்டு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்களாம். இவள் தலைகளை எண்ணியிருக்கிறாள், 62. மூவாயிரத்துக்கு மேல் ஆள் உள்ள ஊருக்குக் குறைவெண் வரம்பு, அதாவது குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 200. பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்று கேட்டிருக்கிறாள். “நீ எந்த வீட்டுப் பொண்ணு?” என்று திருப்பிக் கேட்டார்களே தவிர பதிவேட்டைக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதிப் விரைவுத் தபாலில் போட்டிருக்கிறாள். அந்தத் தபால் ரசீதைத்தான் கைப்பையிலிருந்து எடுத்து முதலில் என்னிடம் காட்டினாள்.

“அப்ப கலெக்டர் இல்லையா?” என்று அக்கா கேட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, செய்தித்தாளை மட்டும் கொஞ்சம் இறக்கினார். 30 நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டது, பதில் வரவில்லை. கரும்பைக் கடித்துக்கொண்டே முதல் மேல்முறையீட்டு மனுவை எழுதிக்கொண்டிருந்தாள். பெறுநர் முகவரியில் யார் பெயரைப் போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.